பதினேழாம் எண் செடி

ஞாயிற்றுக்கிழமை, காலை பதினொன்று இருபத்திரண்டு. கைப்பேசியில் உள்ள படத்தில் அந்த நேரம் பதிவாகியிருக்கிறது. ஈரப்பாறை, அதன்மேல் தடித்த பாசி, பாசிக்குள்ளிருந்து நூல்போல் எழும்பி நிற்கும் தண்டு, நுனியில் இளஞ்சிவப்பாக ஒரு பூ. பூவின் பின்பக்கம் வளைந்த வால்போல் ஒன்று. படம் எடுத்த கையோடு நான் குனிந்து அந்தச் செடியைப் பாசியோடு சேர்த்து எடுத்தேன். பலம் எதுவும் தேவைப்படவில்லை. தானாகவே கையோடு வந்துவிட்டது. கைப்பையில் இருந்த தயிர் டப்பாவுக்குள் வைத்து மூடினேன்.

அந்த இடம் நீலகிரியில் இருக்கிறது. அதற்குமேல் சொல்லக் கூடாது. பூவின் பெயரையும் எழுதக் கூடாது என்பது மகளின் கட்டளை. பெயரும் இடமும் தெரிந்தால் தேடிக்கொண்டு வருகிறவர்கள் இருக்கிறார்களாம். காசித்தும்பைச் சாதி என்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

நாங்கள் அம்பத்தூரில் மூன்றாம் மாடியில் குடியிருக்கிறோம். கணவர் ஆவடியில் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறார். நான் முகப்பேரில் ஒரு பள்ளியில் சமூக அறிவியல் ஆசிரியை. எங்கள் குடியிருப்பில் எல்லார் வீட்டிலும் ஒரு பழக்கம் உண்டு. வெளியூர் போனால் ஒரு செடியோடுதான் திரும்ப வேண்டும். தங்கும் விடுதியின் தோட்டம், கோயில் நந்தவனம், முன்பின் தெரியாதவர் வீட்டு வேலி, எங்கிருந்தாவது ஒரு கொப்போ கிழங்கோ வந்துவிடும். கேட்டு வாங்குகிறவர்கள் குறைவு. கேட்பதற்குக் கூச்சம், எடுப்பதில் ஒரு சின்ன சந்தோஷம். செடிகளை ஊர்ப் பெயரால்தான் கூப்பிடுவோம். "ஏற்காட்டுக்குத் தண்ணி ஊத்தினியா?" என்று என் கணவர் கேட்டால் பால்கனி மூலையில் இருக்கும் ஜெரேனியத்தைச் சொல்கிறார் என்று அர்த்தம். காலி தயிர் டப்பா என் கைப்பையில் எப்போதும் இருக்கும். இத்தனை ஆண்டுகளில் அதை ஒருவரும் தவறு என்று சொன்னதில்லை. எதிர்வீட்டு அம்மாள் பாராட்டித்தான் இருக்கிறார்.

எங்களுக்கு ஒரே மகள். இருபத்து நான்கு வயது. அந்தப் பூவைப் பற்றித்தான் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்கிறாள். மலையில் ஒரு சின்ன ஊரில் அறை எடுத்துத் தங்கியிருக்கிறாள். காட்டுக்குள் போகும் நாட்களில் மாலை ஆறு மணிக்கு "இறங்கிட்டேன்" என்று ஒரு செய்தி அனுப்புவாள். ஆறு பத்துவரை வராவிட்டால் கைப்பேசியைக் கையில் எடுத்துக்கொள்வேன். யானை, காட்டுமாடு, வழுக்குப் பாறை, தெரியாத மனிதர்கள் என்று ஒவ்வொன்றாக மனதில் வரும். சமைத்துக்கொண்டிருப்பதை அப்படியே விட்டுவிட்டு உட்கார்ந்துவிடுவேன். போன ஜூலையில், அவள் நடக்கும் வழியை ஒருமுறை கண்ணால் பார்த்துவிட்டால் இந்தப் பயம் அடங்கும் என்று தோன்றியது. கிளம்பிப் போனேன்.

"பர்மிஷன்ல என் பேரு மட்டும்தாம்மா இருக்கு. நீ ரூம்லயே இரு" என்றாள் மகள்.

அவளோடு காட்டுக்குள் போகிறவர் ஒரு காவலர். நாற்பத்தைந்து வயது இருக்கும். வனத்துறையில் தற்காலிக வேலை. வேட்டையைத் தடுக்கும் காவல் பணி. அந்தப் பாறையை மகளுக்குக் காட்டிக் கொடுத்தவரே அவர்தான். அவள் அவரை அண்ணா என்றுதான் கூப்பிடுவாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு அவர் சொன்னார்:

"அம்மாதானே, வரட்டும் விடு பாப்பா. புள்ள எங்க போகுது, எப்படி வருதுன்னு பாத்தாத்தான் அவங்களுக்கும் தூக்கம் வரும்."

என்னிடம் திரும்பி, "செருப்பைக் கழட்டிட்டு ஓடைக்குள்ளேயே நடங்கம்மா. கல்லு மேல காலை வைங்க, பாசி மேல வேண்டாம். அட்டை கடிக்கும். கடிச்சாக் கடிச்சிட்டுப் போகட்டும், கத்தாதீங்க. மேல காட்டுமாடு நிக்கும், அதுக்கு உங்களைத் தெரியாது" என்றார்.

ஒன்றரை மணி நேரம் ஏறினோம். அவர் ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று எனக்குக் கை கொடுத்தார். மேலே போனதும் மேகத்துக்குள் நுழைந்தோம். மழை பெய்யவில்லை, ஆனால் எல்லாம் சொட்டிக்கொண்டிருந்தது. ஓடையை ஒட்டி ஒரு சரிந்த பாறை. எங்கள் வீட்டுக் கூடத்தின் சுவர் அளவுதான் இருக்கும். அதில் அந்தப் பூக்கள்.

"இவ்வளவு சின்ன எடம்தானா?" என்று கேட்டேன்.

"அவ்வளவுதான்" என்று மகள் சிரித்தாள். "இன்னும் ரெண்டு எடத்துல இருக்கு. அங்க இதைவிடக் கம்மி."

பிறகு அவளுக்குப் பிடித்த விஷயத்தை எனக்குப் பாடம்போல் சொன்னாள். மழைக்காலம் வந்தால் கிழங்கிலிருந்து இரண்டு மூன்று இலைகள் வரும், ஒரு தண்டு வரும், பூக்கும். மழை போனதும் மேலே ஒன்றுமே இருக்காது. கிழங்கு மட்டும் பாசிக்கு அடியில் தூங்கும். "தண்ணி மட்டும் இருந்தாப் போதாதும்மா. இந்த மாதிரி மேகம் வந்து உரசிக்கிட்டே இருக்கணும். மேல சோலைக்காடு இருந்தாத்தான் மேகம் நிக்கும், ஓடை வத்தாது. பக்கத்து ஓடையிலயும் முன்னாடி இந்தப் பூ இருந்துச்சாம். மேல இருந்த சோலையை எப்பவோ வெட்டிட்டு வெளிநாட்டுச் சீகை மரம் நட்டாங்க. ஓடை காஞ்சுது, பாசி காஞ்சுது, அவ்வளவுதான்."

உலகம் முழுவதற்கும் ஒரு பட்டியல் இருக்கிறது என்பதையும் சொன்னாள். அதில் இந்தப் பூவை அருகிவரும் இனம் என்று போட்டிருக்கிறார்கள். பல காலத்துக்கு முன்பு யாரோ பார்த்ததை வைத்துப் போட்டது. உண்மையில் அது அழிவின் விளிம்பில் இருக்கிறதா, இல்லை மெல்ல மீண்டு வருகிறதா என்று இன்று யாருக்கும் தெரியாது. ஒவ்வொரு செடியையும் எண்ணி, அதன் பக்கத்தில் எண் போட்ட சின்னத் தகடு செருகி, வாரம் ஒருமுறை பார்த்து எழுதினால்தான் தெரியும். அந்த வேலையைத்தான் அவளும் அந்தக் காவலரும் மூன்று மழைக்காலமாகச் செய்கிறார்கள்.

மழைமானியைப் பார்க்க இருவரும் ஓடையில் சற்று மேலே போனார்கள். என்னை ஒரு கல்லில் உட்காரச் சொன்னார்கள். பத்து நிமிடம்கூட இருக்காது.

அந்தப் பத்து நிமிடத்தில் எனக்குள் என்ன ஓடியது என்று பலமுறை யோசித்துவிட்டேன். பாறை முழுக்கப் பூவாக இருந்தது. இவ்வளவு இருக்கிறதே, ஒன்றுதானே என்று நினைத்தேன். உலகத்தில் இருப்பதெல்லாம் ஏறக்குறைய என் கண்முன் இருந்ததால்தான் அது நிறையவாகத் தெரிந்தது. அது அப்போது புரியவில்லை. ஒரு நிமிடத்துக்கு முன்புதான் மகள் அதைச் சொல்லியிருந்தாள், அப்படியும் புரியவில்லை. இன்னொன்றும் உண்டு. எதற்காக அவள் எங்களை விட்டு இவ்வளவு தூரம் வந்திருக்கிறாளோ, அது என் பால்கனியிலும் இருக்கட்டும் என்று ஆசைப்பட்டேன். தினமும் காலையில் அதைப் பார்க்கலாம், அவளைப் பார்ப்பதுபோல. பாறையின் கீழ்மூலையில், மற்றவற்றிலிருந்து தள்ளி ஒன்று தனியாக நின்றது. அதை எடுத்தால் தெரியாது என்று நினைத்தேன்.

திங்கட்கிழமை காலை வீட்டுக்கு வந்து, சமையலறைத் தொட்டியில் வேரைக் கழுவும்போது விரலில் ஏதோ கீறியது. பாசிக்குள் சிக்கிக்கொண்டு வந்த அலுமினியத் தகடு. நகத்தளவு. அதில் 17 என்று குத்தியிருந்தது. குழாயை நிறுத்தினேன். அப்போதே மகளைக் கூப்பிட்டிருக்கலாம். நான் தகட்டைத் துடைத்து மூக்குக்கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தேன். செடியை, செம்மண்ணும் மண்புழு உரமும் கலந்த நல்ல தொட்டியில் நட்டேன்.

மாலைக்குள் தண்டு சாய்ந்துவிட்டது. மறுநாள் பள்ளி முடிந்து, தொட்டியோடு ஆட்டோ பிடித்துக் குமணன்சாவடிக்குப் போனேன். நெடுஞ்சாலை ஓரத்து நர்சரிக்காரர் எனக்குப் பல ஆண்டுப் பழக்கம்.

"இன்னாக்கா, மலைக்குப் போய்க்கினு வந்தியா?" என்றார். செடியைத் தூக்கிப் பார்த்தார். "எங்கேர்ந்து இட்டாந்த இத?"

"சொந்தக்காரங்க குடுத்தாங்க."

"அவங்களாண்டயே திருப்பிக் குட்துடு. இது குளுரு ஐட்டம்க்கா. இந்த வெயிலுக்கு நாமளே நிக்க மாட்றோம், இது இன்னாத்த நிக்கும்? வோணும்னா ஃபிரிட்ஜுல வெச்சுப் பாரு. பூக்கோசாண்ட ஒரு பூவாக் கெடந்துட்டுப் போவுது."

சொல்லிவிட்டுத் தன் ஆட்களைப் பார்த்துச் சிரித்தார். நான் வீட்டுக்கு வந்து அதைத்தான் செய்தேன். ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டைக் காலி செய்து, தொட்டியை வைத்து, சுற்றிலும் ஈரத்துணி போட்டேன். மணிக்கொருதரம் திறந்து தண்ணீர் தெளித்தேன்.

இரவுச் சாப்பாட்டுக்குத் தயிர் எடுக்கப் போன கணவர், திறந்த கதவைப் பிடித்தபடி நின்றார்.

"இது எந்த ஊரு?"

நான் சொன்னேன். தகட்டையும் காட்டினேன். அவர் அதை விளக்குக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார்.

"நம்பர் போட்டிருக்கேடி. நம்பர் போட்டு வெச்சதையா எடுத்துட்டு வந்த?" என்றார். பிறகு, "அவகிட்ட சொல்லிடு" என்றார்.

சொல்லலாம், செடி நிமிர்ந்ததும் சொல்லலாம் என்று நாளைத் தள்ளினேன். பூ புதன்கிழமை உதிர்ந்துவிட்டது.

ஞாயிறு மாலை மகள் அழைத்தாள். வாரக் கணக்கெடுப்பு முடித்து இறங்கியிருந்தாள்.

"அம்மா, பதினேழைக் காணோம்."

"அப்படின்னா?"

"செடியே இல்ல. பாசியோட போயிருக்கு. காட்டுமாடு மிதிச்சிருக்கும்னு பாத்தேன், தகடும் இல்ல. மாடு தகட்டையா திங்கும்?" பிறகு கேட்டாள்: "நீ அன்னைக்கு அங்கதானே உக்காந்திருந்த. எதையும் தொடலையே?"

"இல்லையே" என்றேன்.

அந்தச் சொல் யோசிக்காமல் வந்தது. அவள் உடனே, "சரிம்மா, சும்மாதான் கேட்டேன், தப்பா நெனச்சுக்காதே" என்றாள். அவள் என்னிடம் மன்னிப்புக் கேட்பதுபோல் பேசியது இன்றைக்கும் காதில் இருக்கிறது.

ஏன் அந்த ஒன்றுக்கு இவ்வளவு பதற்றம் என்று நானே கேட்டேன். அவள் சொன்னாள்: மற்ற செடிகளெல்லாம் பழைய கிழங்குகள், அதே இடத்தில் இருப்பவை. பதினேழு மட்டும் போன ஆண்டு விதையிலிருந்து முளைத்துப் பாறையில் கீழே இறங்கி வந்தது. பூ பரவுகிறதா, அப்படியே நின்று மெல்லச் சாகிறதா என்பதற்கு அவளிடம் இருந்த ஒரே சாட்சி அதுதான். இந்த மழையில் அது விதை போட்டால் அதை எழுதலாம் என்று காத்திருந்தாள். தள்ளி நிற்கிறதே, தெரியாது என்று நான் நினைத்த அந்தச் செடி.

புதன்கிழமை மறுபடி அழைத்தாள். அழுதுகொண்டிருந்தாள். செடி காணாமல் போனதை அவள் எழுதிக் கொடுத்தே ஆக வேண்டும், கொடுத்திருந்தாள். அலுவலகத்தில் அந்தக் காவலரை விசாரித்திருக்கிறார்கள். இப்படி அரிய செடிகளை வெளியாட்களுக்குத் தோண்டிக் கொடுக்கிறவர்கள் உண்டு என்பதால் சந்தேகம் அவர் மேல் போயிற்று. மகளைத் தவிர அந்தப் பாறைக்கு வழி தெரிந்தவர் அவர் ஒருவர்தான். மறு உத்தரவு வரும்வரை வேலைக்கு வர வேண்டாம் என்று வாய்மொழியாகச் சொல்லிவிட்டார்கள். தற்காலிக வேலைக்கு அதுவே போதும்.

"அம்மா, நீ வந்ததை அவரு சொல்லவே இல்ல. நான் சொல்லப் போனேன். மேசைக்குக் கீழ என் கையைப் புடிச்சு அழுத்தினாரு. சொன்னா என் பர்மிஷன் போயிடும்னு."

நான் அப்போதும் சொல்லவில்லை. இதை எழுதும்போது எனக்கு எந்தச் சமாதானமும் இல்லை. அப்போது ஒரு சமாதானம் இருந்தது. நான் உண்மையைச் சொன்னால் அனுமதி இல்லாமல் என்னைக் கூட்டிப் போனது வெளியே வரும், மகளின் மூன்று ஆண்டு உழைப்பு போகும், ஒரு தாயாக நான் அவளைத்தான் பார்க்க வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இரண்டு நாள் அதை வைத்துக்கொண்டு பள்ளிக்குப் போனேன். எட்டாம் வகுப்பில் இயற்கை வளப் பாதுகாப்புப் பாடம் நடத்தினேன். கரும்பலகையில் எழுதிய என் கையெழுத்து எப்போதும்போல நேராகத்தான் இருந்தது.

வெள்ளிக்கிழமை மாலை கணவர் வேலையிலிருந்து வந்து, சட்டையைக்கூடக் கழற்றாமல் கேட்டார். "அந்த ஆளுக்குப் புள்ளைங்க இருக்கா?"

"ரெண்டு பேரு."

அவர் என் கைப்பேசியை எடுத்து என் முன்னால் வைத்துவிட்டு பால்கனிக்குப் போய் நின்றுகொண்டார்.

மகளிடம் சொல்ல ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. எதிர்முனையில் மழைச் சத்தம் கேட்டது.

"கிழங்கு இருக்கா?" என்று கேட்டாள்.

"இருக்கு. கொஞ்சம் மெத்துன்னு ஆயிருக்கு."

"எதுல வெச்ச?"

"தொட்டியில. நர்சரி மண்ணு, மண்புழு உரம் எல்லாம் போட்டு."

"உரம் வேறயா" என்றாள். குரலில் கோபமே இல்லை. "கிழங்கு நல்லா இருந்தாலும் திருப்பி வைக்க முடியாதும்மா. அந்த மண்ணுல என்ன பூஞ்சை இருக்கோ. அதைக் கொண்டுபோய்ப் பாறையில வெச்சா மிச்சம் இருக்கறதும் போயிடும். செய்தித்தாளுக்கு நடுவுல விரிச்சு, மேல கனமா எதையாவது வை. காஞ்ச மாதிரியாவது இருக்கட்டும்."

"நான் ஆபீசுக்கு லெட்டர் எழுதிடறேன். உனக்குத் தெரியாம நானே பின்னாடி வந்தேன்னு எழுதறேன். உனக்கு ஒண்ணும் ஆகாது."

"இன்னொரு பொய் வேண்டாம்மா" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

அன்று இரவே எழுதினேன். மகள் அழைத்துப் போனது, காவலர் பரிவோடு அனுமதித்தது, அவர்கள் இல்லாத நேரத்தில் நான் எடுத்தது, கேட்டபோது மறுத்தது, எல்லாம். மூன்று முறை திருத்தி எழுதினேன். ஒவ்வொரு முறையும் என்னைக் கொஞ்சம் நல்லவளாகக் காட்டும் ஒரு வரி உள்ளே வந்துவிடும், அதை அடிப்பேன். சனிக்கிழமை காலை தகட்டையும் உறைக்குள் வைத்து, அம்பத்தூர் அஞ்சலகத்தில் பதிவுத் தபாலில் சேர்த்தேன். செடியைச் செய்தித்தாளில் விரித்து, பலகை வைத்து, அதன்மேல் அரிசி டப்பாவை ஏற்றினேன்.

அதன்பிறகு நாலு வாரம் மகள் பேசவில்லை. மாலை ஆறு மணிக்குச் செய்தி மட்டும் வரும். முதலில் "இறங்கிட்டேன்" என்று வந்துகொண்டிருந்தது, பிறகு "ரூம்ல இருக்கேன்" என்று மாறியது. அவளுடைய அனுமதியை இந்த மழைக்காலம் முடியும்வரை நிறுத்திவைத்திருக்கிறார்கள் என்று அதிலிருந்துதான் தெரிந்துகொண்டேன். அவளுடைய பேராசிரியருக்குப் போன் செய்து கேட்டார் கணவர். எண்ணிக்கை பாதியில் நின்றுவிட்டது, பட்டியலில் அந்தப் பூவின் இடத்தை மாற்றச் சொல்லி இந்த ஆண்டு எதுவும் அனுப்ப முடியாது, அடுத்த மழைக்குப் பார்க்கலாம் என்று அவர் சொன்னாராம். காவலரைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. எங்களுக்குச் சொல்ல வேறு யாரும் இல்லை.

நான் செடிகளைத் தொடுவதை விட்டுவிட்டேன். தண்ணீர் ஊற்றுவது கணவர்தான். எதிர்வீட்டு அம்மாள் குற்றாலத்திலிருந்து ஒரு கிழங்கு கொண்டுவந்து கொடுத்தார். வாங்கிக்கொள்ளவும் முடியவில்லை, வேண்டாம் என்று சொல்லவும் முடியவில்லை.

ஆகஸ்ட் கடைசியில் ஒரு காலை, ஏழு மணிக்கு அழைப்புமணி அடித்தது. மகள். சொல்லாமல் வந்திருந்தாள். பெரம்பூரில் இறங்கி மின்சார ரயில் பிடித்து வந்தாளாம். இளைத்திருந்தாள். முதுகுப்பையை இறக்காமலே, "அந்தப் பேப்பர் எங்கம்மா?" என்றாள். கொண்டுவந்து கொடுத்தேன். சாப்பாட்டு மேசையில் வைத்துப் பிரித்தாள். இலை பழுப்பாகியிருந்தது, தண்டு ஒரு கோடு மாதிரி இருந்தது. பையிலிருந்து ஒரு அட்டையை எடுத்து, அதில் பென்சிலால் 17 என்று எழுதி, பக்கத்தில் வைத்து மூடினாள்.

நான் காப்பி கலந்து கொண்டுவந்தேன். குடித்தாள். கணவர்தான் கேட்டார்.

"அவருக்கு வேலை?"

"திங்கக்கெழமையிலேர்ந்து வர்றாருப்பா. அம்மாவோட லெட்டரை ஆபீசுல அவருக்குப் படிச்சுக் காட்டினாங்களாம்."

கணவர் பெருமூச்சு விட்டார். நானும் விட்டிருப்பேன். அவள் டம்ளரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

"நேத்து அவர் வீட்டுக்குப் போனேன். உக்கார வெச்சு டீ குடுத்தாரு. அம்மா நல்லா இருக்காங்களான்னு கேட்டாரு. கிளம்பும்போது, 'அந்தப் பாறைக்கு இனிமே வேற ஆளைக் கூட்டிட்டுப் போ பாப்பா, நான் வரல'ன்னு சொல்லிட்டாரு."